மாடியில் ஆன்டெனா, கீழே ரேடியோ, நடுவில் சிக்னலைத் தின்னும் கேபிள்

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி. கடைக்காரத் தம்பி ஒருவர் மாடியில் ஆன்டெனாவை நட்டு, கீழே கடையில் இருக்கும் வைஃபை ரேடியோ வரை 20 மீட்டர் கறுப்பு கேபிளை இறக்கியிருந்தார். “எதிர்ல குடோன் கண்ணுக்கே தெரியுதுண்ணே, லிங்க் மட்டும் நிக்க மாட்டேங்குது.” கேபிளின் மேலுறையைத் துடைத்துப் படித்தேன். ஆர்ஜி-58. நான் முதன்முதலில் இழுத்து ஏமாந்த அதே கேபிள்.

படகில் ஓடியது மாடியில் ஓடாது

எனக்குத் தொழில் பழகியது காசிமேட்டில், விசைப்படகுகளுக்கு விஎச்எஃப் ரேடியோ மாட்டி. அது 156 மெகாஹெர்ட்ஸ். ஆர்ஜி-58 அங்கே மீட்டருக்கு சுமார் 0.2 டெசிபல்தான் தின்னும். (டெசிபல் என்பது சிக்னல் இழப்பின் கணக்கு; 10 போனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.) 10 மீட்டருக்கு 2 டெசிபல். 25 வாட் ரேடியோவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த தைரியத்தில் வைஃபைக்கும் அதையே போட்டேன். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அதே கேபிள் மீட்டருக்கு 1 டெசிபல் தின்கிறது. 20 மீட்டரில் 20 டெசிபல் போச்சு. கீழே 100 மில்லிவாட் ஏற்றினால் மேலே போய்ச் சேருவது 1 மில்லிவாட்.

எரிச்சல் அதோடு தீரவில்லை. 9 டிபிஐ (ஆன்டெனா சிக்னலைக் குவிக்கும் அளவு, அதுவும் டெசிபல் கணக்கு) ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 15 டிபிஐ வாங்கினேன். கிடைத்தது 6, கேபிளில் போவது 20! அப்புறம் கீழே பூஸ்டர் வைத்தேன். அனுப்புவது கொஞ்சம் தேறியது; வரும் சிக்னலோ கேபிளிலேயே செத்துவிடுகிறது. மிச்சத்தைக் கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். மூன்று தடவை காசைக் கொட்டியும், தப்பு கேபிளில் என்று தோன்றவே இல்லை.

எல்எம்ஆர்-400 என்ற கேபிள் போட்டால் மீட்டருக்கு 0.22 டெசிபல், 20 மீட்டருக்கு நாலரைக்குள் முடியும். ஆனால் விரல் தடிமன், விறைப்பு, விலை. அதைவிட ரேடியோவையே ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, கீழிருந்து ஈத்தர்நெட் கேபிளிலேயே பிஓஇ முறையில் மின்சாரமும் அனுப்புங்கள். 100 மீட்டர் வரை கவலையில்லை.

வீட்டில் மிச்சமிருக்கும் டிவி கேபிள்

டிவி கேபிள் 75 ஓம், வைஃபை ரேடியோவும் ஆன்டெனாவும் 50 ஓம், சேராது என்று பயமுறுத்துவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது கொஞ்சம்தான். ஆர்ஜி-58ஐவிட டிவி கேபிளே தேவலை என்றே சொல்வேன். கனெக்டர் சேராமல் அடாப்டர் மேல் அடாப்டர் போடுவீர்கள், அங்கேதான் மானம் போகும்.

கனெக்டரைத் திறந்து விடுவது

நம் பக்கம் உப்புக்காற்று. திருவொற்றியூரில் ஒரு கனெக்டரைக் கழற்றினேன். கேபிள் உறைக்குள் இருக்கும் பின்னல் கம்பி பச்சை பூத்து, கையில் தூளாக உதிர்ந்தது. மழைத்தண்ணீர் ஒருதரம் புகுந்துவிட்டால் பின்னல் வழியே திரிபோல ஏறி, மீட்டர் கணக்கில் கேபிளைக் கெடுக்கும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே வெயில் தாங்கும் டேப் போடுங்கள். சாதா இன்சுலேஷன் டேப் மட்டும் போதாது.

ஜன்னல் இடுக்கில் நசுக்குவது

நசுக்காதீர்கள்.

தண்டையார்பேட்டைத் தம்பியின் ரேடியோ இப்போது மாடியில், மூடிய பெட்டிக்குள். இறக்கிய 20 மீட்டர் ஆர்ஜி-58ஐச் சுருட்டி எடுத்துப் போனேன். காசிமேட்டில் ஒரு படகுக்குப் பாதி போயிற்று. மீதி என் வண்டிப் பெட்டியில் கிடக்கிறது.