பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டைப் படமெடுக்க

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் நிறைய. ஆளில்லாததால் கேட்பாரில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள்; வெளியூரில் இருந்துகொண்டு, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து கதவைத் திறப்பார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று அதே தெருவில் விசாரியுங்கள். பங்காளி ஒருவரிடம் பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரேறிக் குதித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 329-ஆம் பிரிவில் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு வரலாம்.

உள்ளே போனதும் கேமராவை எடுக்காமல் அண்ணாந்து பாருங்கள். கூரை மெட்ராஸ் டெரஸ் வகை: மரக்கட்டைகளின் மேல் செங்கல், அதன் மேல் சுண்ணாம்பு. கட்டையைக் கரையான் உள்ளேயே தின்றிருக்கும், மேல்பூச்சு மட்டும் பளிச்சென்று இருக்கும். தரையில் சுண்ணாம்புத்தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் அதற்கு மேலேயுள்ள கட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே நிற்க வேண்டாம். மாடிக்கு ஏறவே வேண்டாம். கொல்லையில் கைப்பிடிச் சுவர் இடிந்த கிணற்றைச் செடி மூடியிருக்கும், கம்பால் தட்டிக்கொண்டே நடக்கவும். வௌவால் எச்சம் கிடந்தால் என்-95 மாஸ்க், லென்ஸ் மாற்றுவது வெளியே வந்துதான். கூரை விளிம்பில் மலைத்தேனீ அடை தொங்கினால் அந்தப் பக்கத்தையே விட்டுவிடலாம்.

முதல் படம் தரை. ஆத்தங்குடிக் கல்லின் (பூப்போட்ட தரை ஓடு) மேல் படிந்த தூசியில் உங்கள் கால்தடம் விழுந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. சுவரோரமாகவே நடங்கள். பூ டிசைன் தெரியட்டும் என்று ஓரிடத்தை மட்டும் துடைப்பவர்கள் உண்டு. அது பிளாஸ்திரி ஒட்டியதுபோல் துருத்தி நிற்கும்.

வெளிச்சத்தை முடிவுசெய்வது வளவு. வானம் திறந்த முற்றம் அது. உச்சிவேளையில் முற்றம் வெள்ளையாக எரியும், தாழ்வாரம் கறுத்துப்போகும். காலை 8 முதல் 9:30 வரை வெயில் மேல்சுவரில் பட்டுத் தெறித்து இறங்கும், அதுவே போதும். மேகமூட்டம் இன்னும் நல்லது, ஆனால் பெருமழைக்கு மறுநாள் போகாதீர்கள்: ஊறிய சுவர் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. ஃபிளாஷ் அடித்தால் மிதக்கும் தூசி வெள்ளைப் பொட்டுகளாக விழும்.

இந்த வீடுகளில் எல்லோரும் எடுக்க ஆசைப்படுவது முகப்பிலிருந்து வீட்டின் பின்கோடியான கடைசிக் கட்டு வரை கதவுக்குள் கதவாகத் தெரியும் படம். டேப்பால் வாசல் நிலையின் நடுவை அளந்து ட்ரைபாடை அங்கே வையுங்கள். ஐந்து சென்டிமீட்டர் விலகினாலும் பின்கதவுகள் ஒருபக்கம் ஒதுங்கும். உயரம் சுமார் 120 செ.மீ. கேமராவை அண்ணாத்தினால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். பழைய தூண்கள் நிஜமாகவே சாய்ந்திருக்கக்கூடும், அதனால் தூணை நம்பாமல் கேமராவின் மட்டத்தை நம்புங்கள். ஃபுல்ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போதும், 16-க்குப் போனால் கடைசிக் கதவு தீப்பெட்டி அளவாகிவிடும். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல், இரண்டு நொடி டைமர். ஷட்டர் அரை நொடியிலிருந்து நாலு நொடி வரை வரும். தாழ்வாரத்தின் வெளிச்சத்தை அளவெடுத்து, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) இடைவெளியில் மூன்று படம் எடுத்து, பிறகு ஒன்றாகச் சேருங்கள். பின்முற்றத்தில் வெயில் அடித்தால் ஐந்து.

நிலைக்கதவின் கஜலட்சுமி செதுக்கலை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் தட்டையாக விழும். எஃப்/11, ஷட்டர் பத்து நொடி வைத்து, எல்இடி டார்ச்சைப் பக்கவாட்டில் மரத்தை ஒட்டினாற்போல் பிடித்து, நிறுத்தாமல் அசையுங்கள். நிறுத்தினால் அந்த இடம் வெளுத்துவிடும்.

மொபைலில் எடுத்தால் லொக்கேஷனை முன்பே அணைத்துவிடுங்கள், ஊர்ப்பெயரோடு படத்தைப் போடவும் வேண்டாம். பூட்டிய வீடு எங்கே என்று திருடர்களுக்குத் தெரிந்துவிடும். இந்த வீடுகளின் தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் காரைக்குடியிலேயே பழம்பொருள் கடைகள் இருக்கின்றன.