ட்ரிகர் ஊசிச் சீட்டு எழுதும்போது

போன வாரம் எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய சீட்டு ஒன்று கையில் கிடைத்தது. "ட்ரிகர் ஊசி: புதன் 12.00." அவ்வளவுதான். முட்டை எடுப்பதற்கு முன் வீட்டில் போட்டுக்கொள்ளும் கடைசி ஊசி அது. பகலா, ராத்திரியா? செவ்வாய் ராத்திரி தாண்டி வரும் பன்னிரண்டா, புதன் முடிந்து வரும் பன்னிரண்டா? எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சீட்டை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஈரோட்டில் குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தில் கோ-ஆர்டினேட்டராக இருக்கிறேன். ஃபைல் மாறிப்போவது, ஃபோன் நம்பர் தப்பாவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அதெல்லாம் ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாத தப்புகளைத்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

பன்னிரண்டரை மணி

ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் குழந்தை) சிகிச்சையில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, முட்டைப்பைகள் 18 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்ததும் கடைசியாகப் போடுவது ட்ரிகர். இயற்கையாக எகிற வேண்டிய எல்.எச். ஹார்மோனின் வேலையை அது செய்கிறது. அதற்கப்புறம்தான் முட்டை முழுசாக முதிர்ந்து, பையின் சுவரை விட்டு விலகும். ஊசி போட்டு 34 மணி நேரம் ஆகும் முன் எடுக்கப் போனால் முட்டை சுவரை விட்டு வராது. 38, 40 மணி நேரம் தாண்டினால் பை உடைந்து முட்டை வயிற்றுக்குள் போய்விடும். அதனால்தான் 35, 36 மணிக் கணக்கில் எடுக்கிறோம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் சீட்டு எழுதிக் கொடுத்த தம்பதி பெருந்துறைப் பக்கம். கணவர் நூல் மில்லில் நைட் ஷிஃப்ட். கல்யாணமாகி எட்டு வருடம். நகையை அடகு வைத்துத்தான் பணம் கட்டினார்கள். சனிக்கிழமை ஸ்கேனில் பதினான்கு பை நன்றாகத் தெரிந்தது. ஞாயிறு ராத்திரி பன்னிரண்டரைக்கு ஊசி, செவ்வாய் மதியம் பன்னிரண்டுக்கு முட்டை எடுப்பது என்று டாக்டரம்மா சொன்னார். நான் சீட்டில் எழுதியது: "ஞாயிறு 12.30 ஏ.எம்."

நமக்கு விடியும் வரைக்கும் அது ஞாயிறு ராத்திரிதான். மில்லில் ராத்திரி வேலை பார்க்கிறவருக்கு அப்படி இல்லை. பன்னிரண்டு அடித்தால் தேதி மாறிவிடும், பஞ்சிங் கார்டும் அப்படித்தான். ஞாயிறு 12.30 ஏ.எம். என்றால் சனி ராத்திரி தாண்டின பன்னிரண்டரை. அவர் படித்ததுதான் சரி. நிமிடம் பிசகாமல் ஊசி போட்டிருக்கிறார்கள், ஒரு நாள் முன்னாடியே.

செவ்வாய் மதியம் அந்தப் பெண் பச்சை கவுனில் படுத்திருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் முன் டாக்டரம்மா ஸ்கேன் வைத்துப் பார்த்தார். சனிக்கிழமை கறுப்பு கறுப்பாக உருண்டு தெரிந்த பைகளைக் காணோம். சுருங்கிப்போன ஓரங்கள்தான் இருந்தன. கர்ப்பப்பைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. வெளியே போய் கணவரைக் கேட்டேன். "சனிக்கிழமெ ராத்திரியே போட்டாச்சுங்களே சிஸ்டர், நீங்க எழுதுன மாதிரியேங்க" என்று சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். நாலாக மடித்து வைத்திருந்தார். முப்பத்தாறுக்குப் பதில் அறுபது மணி நேரம் ஓடியிருந்தது.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது வேறு. ஞாயிறு காலையில் நான் ஒரே ஒரு ஃபோன் செய்து "ஊசி போட்டாச்சுங்களா?" என்று கேட்டிருந்தால், திங்கள் மதியமே எடுத்திருப்போம். ஞாயிறு எனக்கு லீவு, அதனால் கேட்கவில்லை.

அதற்கப்புறம் என் பழக்கம் இது. சீட்டில் பன்னிரண்டு என்ற எண்ணே வராது. டாக்டரிடம் கேட்டு பத்தரை, பதினொன்று என்று மாற்றி வாங்கிவிடுவேன். கிழமை, தேதி, "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்" மூன்றையும் எழுதுவேன். இரண்டு பேரையும் தனித்தனியாகத் திருப்பிச் சொல்ல வைப்பேன். எழுதிக் கொடுத்த அன்று ராத்திரியும் அடுத்த நாள் காலையும் ஃபோன், லீவாக இருந்தாலும். ஊசி போட்டதும் காலி சிரிஞ்சைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். முட்டை எடுக்க வந்ததும் கவுன் கொடுக்கும் முன் முதல் கேள்வி, "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?" புதுப் பிள்ளைகள் இதை அதிகப்படி என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும், ஆனால் செய்யட்டும்.

பொடியும் தண்ணீரும்

சில ட்ரிகர் மருந்து பொடியாக ஒரு குப்பியிலும், கரைக்கும் தண்ணீர் இன்னொன்றிலும் வரும். வீட்டில் தண்ணீரை மட்டும் உறிஞ்சிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. நீங்களே ஒரு தடவை கரைத்துக் காட்டாமல் கொடுத்தனுப்ப வேண்டாம்.

ஃபிரீசர்

ஊசி மருந்தை ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைக்கச் சொல்லுங்கள், 2 முதல் 8 டிகிரி. ஐஸ் அறையில் அல்ல.

சத்தியமங்கலத்திலிருந்து சாம்பிள்

விந்து மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும், உடம்புச் சூட்டிலேயே. சத்தியிலிருந்து பஸ் ஏறினால் ஈரோடு வருவதற்குள் அந்த நேரம் தாண்டிவிடும். கூச்சப்படுகிறவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நல்ல அறை ஒன்றை ஒழித்துக் கொடுங்கள்.

ஜிம் ஊசி

விந்தணு எண்ணிக்கை குறைவாக வந்தால், ஜிம்மில் ஊசி போட்டாரா என்று கட்டாயம் கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டால் மூளையிலிருந்து வரும் கட்டளை அடங்கி, விந்தணு உற்பத்தியே நின்றுவிடும். "பலத்துக்கு" என்று யாரோ போட்டுவிட்டிருப்பார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் மனைவியின் வயதும் ஏறும்.

கருமுட்டை தானம் கொடுக்க வருகிறவரின் ஆதார்

2022-ல் ஈரோட்டில் ஒரு சிறுமியைப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு நம் ஊரையே தலைகுனிய வைத்தது. சட்டப்படி 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே தடவை. ஜெராக்ஸைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கு வேலை நடக்கக் கூடாது.

கரு வைத்த பின் படுத்தே கிடப்பது

வேண்டாம். பலன் இல்லை.

அவசரக் கார்டு டெஸ்ட்

எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை ட்ரிகராகப் போட்டிருந்தால் அந்த மருந்தே பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம் வரை சிறுநீரில் நிற்கும். கர்ப்பம் பார்க்கும் கார்டு தேடுவதும் அதே ஹார்மோனைத்தான். இதை விளக்கிச் சொல்லாமல் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினோம். அது ஊசி போட்ட எட்டாம் நாளே பார்த்து, இரண்டு கோடு வந்து, மாமியார் பண்ணாரி அம்மனுக்குச் சேலை எடுத்துச் சாத்திவிட்டு வந்தார். இரத்தப் பரிசோதனை நாளன்று அந்தம்மா பிரசாதத்தோடு என் மேஜைக்கு வந்தார். பிரசாதப் புற்று மண்ணை வாங்கிக்கொண்டு, ரிப்போர்ட்டைத் திருப்பி வைத்தேன்.