கடலுக்குப் போகும் வான் வண்டியில் ஓர் உரப்பை

வெளிநாட்டிலிருந்து ஆவணியில் யாழ்ப்பாணத்து ஊருக்குப் போனால் ஒரு நாள் காசூரீனாக் கடற்கரைக்கென்றே ஒதுக்கிவிடுவோம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து சேர்ந்த சொந்தம் முழுக்க இரண்டு வானில் ஏறும். பொன்னாலைப் பாலத்தில் ஏறியவுடனேயே பிள்ளைகள் கத்தத் தொடங்கிவிடுவார்கள். கரையிலிருந்து நெடுந்தூரத்துக்கு ஆழமே இல்லாத கடல் என்பதால் பெரியவர்களுக்கும் பயமில்லை.

போன முறை சவுக்கு மரங்களுக்குக் கீழே பாய் விரித்து 16 பேர் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். எழும்பும்போது எங்களைச் சுற்றிக் கிடந்ததை எண்ணிப் பார்த்தேன். சோற்றுப் பார்சல் சுற்றிவந்த 16 லஞ்ச் சீற், 22 தண்ணீர்ப் போத்தல், பிள்ளைகளின் யோகட் கப்புகள், ஐஸ்கிறீம் கப்புகள், கறி கட்டிவந்த சின்னப் பொலித்தீன் பைகள், இரண்டு பம்பர்ஸ். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு இவ்வளவு.

குப்பைத் தொட்டி இருந்தது. ஆனால் காலையிலேயே நிரம்பிவிட்டது. மச்சாள் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் அள்ளி, இறுக்கி முடிச்சுப்போட்டுத் தொட்டியின் அடியில் வைத்துவிட்டு வந்தாள். நாங்கள் கடலில் இறங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை, கோழி எலும்பின் மணம் பிடித்த நாயொன்று அந்த முடிச்சைப் பல்லால் இழுத்துக் கிழித்தது. பிறகு காகங்கள் வந்தன. சோற்றுப் பருக்கை ஒட்டிய லஞ்ச் சீற் ஒன்று காற்றில் எழும்பி, மணலில் இரண்டு முறை உருண்டு, தண்ணீரில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் விடுமுறையில் போகிற ஆடி, ஆவணி சோளகக் காலம். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். காசூரீனா காரைநகரின் வடக்குக் கரை. அதனால் கரையில் விட்ட எந்தப் பொலித்தீனையும் காற்று கடலுக்குள்தான் தள்ளும். பின்னேரம் திரும்பிப் பார்த்தால் மணல் ஓரளவு துப்பரவாகவே தெரியும். யாரோ கூட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். மார்கழியில் வாடை திரும்பி அடிக்கும்போது அதில் ஒரு பங்கு மறுபடி கரையேறும். அப்போது நாங்கள் அங்கே இருப்பதில்லை. அந்தக் கரையில் வள்ளம் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

மச்சாளை நான் குறை சொல்லவில்லை. ஜேர்மனியில் அவள் வெற்றுப் போத்தல் ஒன்றைக்கூட எறியமாட்டாள். சேர்த்துவைத்துச் சனிக்கிழமை கடைக்குக் கொண்டுபோய் மெசினில் போட்டால் ஒன்றுக்கு 25 சதம் திரும்பக் கிடைக்கும். சுவிஸில் இருப்பவர்கள் குப்பைப் பைக்கே காசு கட்டி வாங்குகிறார்கள். அங்கே எங்கள் பழக்கத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது அந்தக் காசும், நாள் தவறாமல் வருகிற குப்பை வண்டியும்தான். ஊர்க் கடற்கரையில் அந்த ஏற்பாடு அரைகுறையாகத்தான் இருக்கிறது. ஆகவே ஏற்பாட்டை நாங்களே வானில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

அதற்கு வேண்டியது ஓர் உரப்பை. எந்தத் தோட்டக்கார வீட்டிலும் வெறும் உரப்பை கிடக்கும், கேட்டால் தருவார்கள். கிழியாது, காற்றில் பறக்காது, நாய் பல்லால் இழுத்தாலும் லேசில் பிரியாது. அதை வானின் பின்கதவில் கட்டிவிடுங்கள். கதவு திறந்திருக்கும்வரை அதுதான் உங்கள் குப்பைத் தொட்டி. கரையிலுள்ள தொட்டி வெறுமையாக இருந்தாலும் சாப்பாட்டுக் கழிவை அதில் போடாதீர்கள். திறந்த தொட்டியில் சாப்பாடு விழுந்தால் நாயும் காகமும் மாடும் மிச்சத்தையும் வெளியே இழுத்துப் போட்டுவிடும். கண்ணாடிக்கு மட்டும் தனியாக ஒரு வாளியோ கடுதாசிப் பெட்டியோ வையுங்கள்.

இதைவிடப் பெரிய வேலை புறப்படும் முன்னரே வீட்டில் நடக்க வேண்டும். கடையில் 16 பார்சல் கட்டுவித்தால் 16 லஞ்ச் சீற் வரும். அதே சோற்றையும் கறியையும் சட்டியோடு கொண்டுபோய் வாழையிலையில் பரிமாறினால் இலையை மாட்டுக்கே போடலாம். கடையில்தான் வாங்குவீர்கள் என்றால் உங்கள் சில்வர்க் கரியரைக் கொடுத்து அதில் போடச் சொல்லுங்கள். முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பிறகு போட்டுத் தருவார்கள். தண்ணீரை வீட்டில் காய்ச்சி ஆறவைத்துப் பெரிய கானில் கொண்டுபோய், ஆளுக்கொரு சில்வர்க் கப்பில் குடிக்கலாம். எங்கள் வீட்டில் 22 போத்தலை ஒன்றுமில்லாமல் ஆக்கியது ஒரேயொரு கான்.

கடற்கரையில் ஒடியற்கூழ் காய்ச்சப் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றிக் குடியுங்கள். ஒருமுறை குடித்துவிட்டு எறிகிற கோப்பையை எங்கள் பாட்டன்மார் ஓலையிலேயே செய்துவைத்தார்கள்; அது மண்ணோடு மண்ணாகும். பிளா மடிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இன்னும் இருப்பார். பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். மீன் வாங்க உமல் என்ற பனையோலைப் பை கொண்டுபோகிற வழக்கமும் முற்றாகப் போய்விடவில்லை.

சட்டத்திலும் சிலது மாறியிருக்கிறது, நீண்ட நாளைக்குப் பிறகு போகிறவர்கள் தெரிந்துவைத்திருங்கள். 2017 செப்ரெம்பரில் மெல்லிய பொலித்தீனுக்கும், பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கும், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தடை வந்தது. 2023 ஒக்ரோபர் 1 முதல் பிளாஸ்ரிக் ஸ்ரோ, கரண்டி, முள்ளுக்கரண்டி, தட்டு, பூமாலை, இடியப்பத் தட்டு எல்லாம் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பர் 1இலிருந்து கடைகளில் சொப்பிங் பை இலவசமில்லை. நடைமுறையில் இவை இன்னும் கையில் கிடைக்கும். அதற்காக பிள்ளையின் பிறந்தநாளைக் கடற்கரையில் கொண்டாட வெளிநாட்டிலிருந்து பிளாஸ்ரிக் தட்டும் பலூனும் சூட்கேசில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் கண்டிருக்கிறேன், மனம் நொந்துபோனது.

போத்தல் உடைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொது இடத்தில் குடிப்பது சட்டப்படி குற்றம் என்றாலும், இருட்டிய பிறகு கடற்கரையில் கூடிக் குடிப்பவர்கள் உண்டு. அதில் விடுமுறைக்கு வந்தவர்களும் உண்டு. வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுக்கிற ஒருவர் தன் உள்ளங்காலை எனக்குக் காட்டினார். குதிக்காலிலிருந்து பெருவிரல் பக்கமாகத் தையல் போட்ட தழும்பு. மணலுக்குள் கிடந்த போத்தல் ஓடு. “வலை இழுக்கேக்க கீழ பாக்கேலாது தம்பி. கண் கடலில நிக்கும், பாரம் முழுக்கக் குதிக்கால்ல” என்றார். கரைவலையை வெறுங்காலைப் பின்னுக்கு ஊன்றித்தான் இழுக்க முடியும். மூன்று கிழமை அவருக்குத் தொழில் இல்லை. போத்தலை முழுதாகத் திருப்பிக் கொண்டுவந்து படலையடியில் வைத்தால், பழைய இரும்பும் போத்தலும் எடுக்க வருகிறவருக்கு அது காசு. தவறி உடைந்தால் மணலோடு சேர்த்து அள்ளி வாளியில் போடுங்கள். மணலைப் போட்டு மூடிவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

பம்பர்ஸையும் ஈரத்தாளையும் மணலில் புதைக்காதீர்கள். ஈரத்தாள் பெயரில்தான் தாள். பெரும்பாலானவற்றில் இருப்பது பிளாஸ்ரிக் நார். சிகரெட் கட்டையின் பஞ்சும் அப்படியே, அதுவும் ஒரு வகைப் பிளாஸ்ரிக். புகைப்பவர்கள் மூடியுள்ள சின்ன ரின் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் கிடப்பதெல்லாம் பயணிகள் போட்டதில்லை என்பது உண்மை. அறுந்த வலையும் மிதவையும் கடலோடு வரும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, அதிலிருந்த 1,600 தொன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்ரிக் குருணி கடலில் கலந்து மேற்குக் கரையெல்லாம் வெள்ளையாகக் குவிந்தது. அந்தக் கப்பலை எங்களால் தடுத்திருக்க முடியாது. பிரியாணி பார்சலின் லஞ்ச் சீற் எங்கள் கையிலிருந்துதான் போகிறது. எங்கள் கடலில் ஆமை இருக்கிறது. மிதக்கிற பொலித்தீன் பையை ஜெலிமீன் என்று நினைத்து விழுங்கும். மன்னார்க் கடலின் சாதாழை என்ற கடற்புல் படுகைகளில் மேய்கிற கடற்பசுக்களில் மிஞ்சியிருப்பவை மிகச் சில.

கீரிமலைக் கடற்கரைக்கு வேறு காரணத்துக்காகப் போகிறவர்கள் அநேகர். வெளிநாட்டில் செத்துப்போன அப்பாவின் அல்லது அம்மாவின் சாம்பலைக் கரைக்கவும், அந்தியேட்டி என்ற ஈமச் சடங்கைச் செய்யவும் வருகிறார்கள். துக்கத்தோடு நிற்கிறவருக்குக் குப்பையைப் பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆயத்தத்தை முதல்நாளே செய்துவிட்டால் அந்த நேரத்தில் யோசிக்கத் தேவையில்லை. தகனசாலையில் தந்த பிளாஸ்ரிக் அல்லது தகரப் பேழையிலிருந்து சாம்பலை வீட்டிலேயே மண்முட்டிக்கு மாற்றிவிடுங்கள். மாலை கட்டுகிறவரிடம் வாழைநாரில் கட்டித் தரச் சொல்லுங்கள். பூ, எள்ளு, தர்ப்பை, பிண்டம், இவைதான் கடலுக்குரியவை. பூச் சுற்றிவந்த பை, பன்னீர்ப் போத்தல், கற்பூரப் பெட்டியின் உறை எல்லாம் உங்களோடு திரும்ப வேண்டும். முழுகிவிட்டு ஈர உடுப்பைக் கரையில் விட்டுவருவது ஒரு வழக்கமாகிவிட்டது. அதையும் பிழிந்து பையில் போடுங்கள். இப்போதைய துணியில் பெரும்பாலும் செயற்கை நார் கலந்திருக்கும், அது உக்காது.

தீவுகளுக்குப் போகும்போது இன்னும் கவனம் தேவை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் கொண்டுபோகிற ஒவ்வொரு போத்தலும், நீங்கள் திருப்பிக் கொண்டுவராவிட்டால், அங்கேயே கிடக்கும். போகும்போது நிறைந்த போத்தலுக்கு இடம் இருந்தது. வரும்போது வெற்றுப் போத்தலுக்கு இடமில்லாமல் போகாது. திருகோணமலையில் நிலாவெளியிலிருந்து படகில் போகிற புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. சாப்பாட்டுப் பார்சலை கரையிலேயே விட்டு, தண்ணீர் மட்டும் கொண்டுபோங்கள். பவளப்பாறையில் சிக்கிய ஒரு பையை எடுக்கப்போய் மிதித்தால் பாறையும் உடையும். பாசிக்குடாவிலும் உப்புவெளியிலும் ஹோட்டலில் தங்குகிறவர்கள் உங்கள் பையை அவர்களிடமே ஒப்படைக்கலாம்.

சரி, நிறைந்த உரப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். இனித்தான் பலரும் தடுமாறுவது. அம்மம்மாவோ பெரியம்மாவோ “அந்த மூலையில வை, பின்னேரம் கொழுத்திவிடுறன்” என்பார். விடாதீர்கள். பிளாஸ்ரிக் எரிகிற நஞ்சுப் புகையை முதலில் சுவாசிப்பவர் பக்கத்தில் நிற்கிற அவர்தான். வளவில் கிடங்கு வெட்டித் தாட்பதும் சரியில்லை. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், மேலே ஊறுவது கிணற்றுக்கு இறங்கும். பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரம் உங்கள் ஒழுங்கைக்கு எந்தக் கிழமை வரும் என்று வந்த முதல் நாளே கேட்டு வையுங்கள். உக்கும் குப்பை தென்னையடிக்குப் போகட்டும். போத்தல்களை நசித்துத் தனியாக, கண்ணாடியைத் தனியாக வையுங்கள். பொது இடங்களில் நிறத் தொட்டிகள் இருந்தால், பச்சை உக்குவதற்கு, நீலம் தாளுக்கு, செம்மஞ்சள் பிளாஸ்ரிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு.

சொந்தக்காரரிடம் எப்படிச் சொல்வது? “எங்கட நாட்டில இப்பிடி இல்லை” என்று ஒருமுறை வாயில் வந்துவிட்டால் அதன் பிறகு நீங்கள் சொல்கிற எதுவும் காதில் ஏறாது. ஊரில் இருப்பவர்கள் பொலித்தீன் வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கடலோடு வாழ்கிறவர்கள். “மாமா, தாங்கோ, நான் வைக்கிறன்” என்று கையை நீட்டுங்கள். நான் கையை நீட்டிய இடத்தில் ஒருவரும் தராமல் விட்டதில்லை. கடலை விற்கிற அம்மாவிடம் தாளில் சுற்றித் தரச் சொன்னால் தருவார். குப்பை போட்டவரைப் படம் எடுத்து முகநூலில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்த கிழமையும் அதே கரையில் அவரோடு முகம் பார்க்கப் போகிறவர்கள் உங்கள் உறவினர்கள்.

காசு கொடுக்க விரும்புகிறவர்கள் உடனே யோசிப்பது பெயர் எழுதிய குப்பைத் தொட்டி. என் எண்ணத்தில், அள்ள ஆளில்லாத தொட்டி நாய்க்கு வைத்த சாப்பாடு. முதலில் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தோடும் பிரதேச சபையோடும் கதைத்து என்ன குறை என்று கேளுங்கள். ஒரு இடத்தில் மூடியுள்ள தொட்டி தேவைப்படும், இன்னொரு இடத்தில் அள்ளுகிறவர்களுக்குச் சப்பாத்தும் கையுறையும். செப்ரெம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகெங்கும் கடற்கரை துப்பரவாக்கும் நாள். அந்த நேரம் ஊரில் நின்றால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உரப்பையை எறிந்துவிடாதீர்கள். கிணற்றடியில் கழுவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி வேலியில் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும். எங்களுடையது இப்போது ஊர் வீட்டுக் கோடியில் தொங்குகிறது. வீட்டிலிருப்பவர்கள் சாட்டிக் கடற்கரைக்குப் போவதென்றால் பாயை எடுக்கும்போதே அதையும் எடுக்கிறார்கள்.