பள்ளிக்கரணையில் பறவை பார்க்க: வெயில் முதுகில் இருக்கட்டும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததுமே பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். சென்னையின் தெற்கே உள்ள இந்தச் சதுப்புநிலத்தில் நீர் ஆழமாக நிற்கும்வரை வாத்தும் முக்குளிப்பானும்தான் கண்ணில் படும். சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. நீர் வடிந்து ஓரத்துச் சேறு தலைகாட்டும் ஜனவரி, பிப்ரவரிதான் தோது.

ஜனவரியில் சென்னையில் ஆறரை மணி வாக்கில் விடியும். அங்குள்ள சதுப்புநிலப் பூங்கா திறக்கும் நேரத்தை முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். ஒன்பதைத் தாண்டினால் நீர்ப்பரப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கும். அப்புறம் எவ்வளவு விலையுள்ள பைனாகுலரிலும் தூரத்துப் பறவை தெளியாது.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். பத்து மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். வீட்டிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்: வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண் வில்லையை ஒட்டிய வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணாடி போட்டவர்கள் கண்குமிழை (கண் வைக்கும் இடத்து ரப்பர் விளிம்பை) உள்ளே தள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் பாதி வட்டம் கறுப்பாகவே இருக்கும். களத்தில் பறவையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்திருக்கும்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் காக்கைதான். ஒரே இடத்தில் இருபது நிமிடம் அசையாமல் இருந்தால், கோரைக்குள் பதுங்கிய நீலத் தாழைக்கோழி தானாகவே வெளியே வரும்.

புதியவர்கள் தடுமாறுவது வெள்ளைக் கொக்குகளில். அளவை நம்பாதீர்கள், பக்கத்தில் ஒப்பிட வேறொன்று இல்லாவிட்டால் அது ஏமாற்றும். அலகையும் காலையும் பாருங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கையில் பாதம் மறைந்திருக்கும், அடி எடுத்து வைக்கும்வரை பொறுங்கள். மஞ்சள் அலகு குட்டையாக இருந்தால் உண்ணிக்கொக்கு. நீண்டிருந்தால் வாய்க்கோட்டை (வாய்ப் பிளவு அலகிலிருந்து கண் பக்கம் ஓடும் கோட்டை)ப் பாருங்கள்: கண்ணைத் தாண்டிப் பின்னே ஓடினால் பெரிய கொக்கு, கண்ணோடு நின்றால் நடுத்தரக் கொக்கு. நாமக்கோழிக்கு இந்தத் தொல்லையே இல்லை, நெற்றியில் வெள்ளை நாமம் போட்டிருக்கும். சிவப்பு நெற்றி, அலகு நுனியில் மஞ்சள் என்றால் தாழைக்கோழி.

வாத்துக் கூட்டம் திடீரென்று மொத்தமாக எழும்பினால் சுற்றிலும் தேடுங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும். படத்துக்காக நீங்களே கைதட்டிக் கிளப்புவது அநியாயம்; வலசை வந்தவை இரை தின்று சேர்த்த தெம்பு வீணாகும்.

பெருங்கூட்டத்தை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அந்தத் துண்டு எத்தனை முறை அடங்கும் என்று பாருங்கள். பார்த்த பறவைகளின் பட்டியலை அங்கேயே, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் செயலியில் போட்டுவிடுங்கள். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குப் பதினைந்து நிமிடப் பட்டியலே போதும். அடையாளம் பிடிபடாததை ஊகித்துப் பெயரிடாமல், 'உள்ளான் வகை' என்றே பதியலாம்.