மாலைப் படிப்பு மையம்: தன்னார்வலர் நிலைப்பதும் நடுவில் நின்றுவிடுவதும்

30 பிள்ளைகள் வரும் மாலைப் படிப்பு மையத்துக்கு ஒரு வேளைக்கு 4 தன்னார்வலர்கள் வேண்டும். ஒருவர் கையில் 8 பிள்ளைகளுக்கு மேல் போனால், வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. சத்தத்தை அடக்கவே நேரம் போய்விடும். வாரம் 5 நாள் வகுப்பு, ஆளுக்கு 2 நாள் என்றால் 10 பேர் போதும் என்று கணக்கு சொல்லும். பதிவேட்டில் 14 பேராவது இருக்கட்டும்.

ஆள் சேர்க்கும்போதே காலண்டரைப் பாருங்கள். கல்லூரி மாணவர்களுக்கு நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் செமஸ்டர் தேர்வு வரும். நம் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வும் முழு ஆண்டுத் தேர்வும் அதே சமயத்தில்தான். ஆகவே பாதிப் பேராவது அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் வகுப்பெடுத்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகளையும் தெரியும், தாய்மாரையும் தெரியும்.

"முடிந்தபோது வாங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வாரம் 2 மாலை, 3 மாதம் என்று எழுதிக் கொடுங்கள். முடிவுத் தேதி தெரியாத பொறுப்பிலிருந்து விலக வாய் வராமல், பலர் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். தேதி இருந்தால் அதுவரை வருவார்கள். அப்புறம் கேட்டால் இன்னொரு 3 மாதமும் வருவார்கள்.

நிற்பாரா போய்விடுவாரா என்பது முதல் மூன்று வருகையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் நாளே 8 பிள்ளைகளை ஒப்படைத்தால் மிரண்டுவிடுவார். முதல் நாள் பழைய தன்னார்வலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டாம் நாள் 2 பிள்ளைகள் மட்டும். மூன்றாம் நாள் தனிக் குழு. இடையில் ஒருங்கிணைப்பாளர் ஒரு விஷயத்தைச் செய்தே காட்ட வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளை "ப...ட்...ட..." என்று திணறும்போது, "பட்டம்" என்று சொல்லிக் கொடுக்கத்தான் புதியவருக்கு வாய் துடிக்கும். ஐந்து எண்ணும்வரை பொறுக்க வேண்டும். அப்புறமும் வரவில்லை என்றால் "ட்ட" என்ற இடத்தில் விரலை வைத்து அதை மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை தானாக "பட்டம்" என்று சொல்லி முடிப்பதைப் பார்த்துவிட்டால், அவர் அடுத்த வாரமும் வருவார்.

குழுவுக்கு ஒரு நோட்டு போடுங்கள்: பிள்ளையின் பெயர், நிலை (எழுத்து, சொல், பத்தி, கதை), இன்று எங்கே நிறுத்தினோம். மூன்றே கட்டம். அதற்கு மேல் கேட்டால் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

வர முடியாதவர் மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் ஒருங்கிணைப்பாளர் போன் செய்ய வேண்டும். "ஏன் வரலை?" என்று வாட்ஸாப் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டால், அதோடு அவர் வர மாட்டார். "தம்பி, உடம்பு ஏதும் முடியலையா?" என்று தொடங்கினால் காரணம் வரும். பெரும்பாலும் பஸ் காசாக இருக்கும். அல்லது இருட்டிய பிறகு பெண் தனியாக வருவதை வீட்டில் விரும்ப மாட்டார்கள். இரண்டும் தீர்க்கக் கூடியவை. பயணச் செலவை மாதம் 5ஆம் தேதிக்குள் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். தன்னார்வலர் வாய் திறந்து கேட்க மாட்டார். வகுப்பை 7 மணிக்குள் முடித்து, பஸ் நிறுத்தம்வரை எல்லாரும் சேர்ந்து நடங்கள்.

சம்பளம் வாங்கும் ஒருங்கிணைப்பாளர் பல இடங்களில் உள்ளூர்ப் பெண்ணாக இருப்பார். தன்னார்வலர் பெரிய கம்பெனியில் பொறியாளராக இருப்பார். ஒருங்கிணைப்பாளர் சொன்னதைப் பொறியாளர் கேட்பதா என்ற சிக்கல் வெளியே தெரியாமல் வளரும். தன்னார்வலர் நேராக மையத்தை நடத்தும் அறக்கட்டளையின் அறங்காவலருக்குப் போன் போட்டு நேர அட்டவணையை மாற்றச் சொல்வார்; அவரும் சரி என்பார். அந்த ஒரு "சரி"யில் ஒருங்கிணைப்பாளரின் வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும். "அதை அக்காகிட்டயே பேசுங்க" என்று அறங்காவலர் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் மாதாமாதம் ஒரே தேதியில் போய்ச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முகாம் வைத்தால், அந்த விடுமுறை இரண்டு வாரத்துக்குள் அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் அவரை யாரும் அழைக்கக் கூடாது. சேவை மனப்பான்மை என்று சொல்லி இவற்றைத் தட்டிக் கழிக்கும் இடங்களில்தான் நல்ல ஒருங்கிணைப்பாளர்கள் ஓரிரு வருடத்தில் ஓய்ந்துபோகிறார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் விதிவிலக்கே வேண்டாம். தன்னார்வலரைச் சேர்க்கும் முன் அவரைத் தெரிந்த இருவரிடம் போனில் விசாரியுங்கள். கதவு திறந்திருக்க வேண்டும், இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும், சொந்தப் போனில் பிள்ளைகளைப் படம் எடுக்கவோ தனியாகச் செய்தி அனுப்பவோ கூடாது. பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். "முதலில் நாமே விசாரிப்போம்" என்று தாமதிப்பது பிள்ளைக்கும் ஆபத்து, மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்காத தன்னார்வலரையும் ஊழியராகவே கருதுகிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடத்தில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

விடைபெறுபவருக்கு மணிநேரம் குறிப்பிட்ட சான்றிதழ் கொடுங்கள். அதற்காகவே வருகைப் பதிவேட்டில் வந்த நேரமும் போன நேரமும் இருக்க வேண்டும். போகும் முன் அவர் தன் நோட்டைப் புதியவரிடம் கொடுத்து, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் திணறுகிறது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லட்டும். பிள்ளைகளிடமும் அவரே சொல்லிக்கொண்டு போக வேண்டும். சொல்லாமல் ஆள் மாறினால், சின்னப் பிள்ளைகளில் சிலர் மறுவாரம் வர மாட்டார்கள்.