வீட்டுக்கும் கடைக்கும் ஏற்ற இணைய இணைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாக இணைய இணைப்பு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ‘எத்தனை மெகாபிட், மாதம் எவ்வளவு?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த இரண்டு எண்களும் விளம்பரத் தாளிலேயே இருக்கின்றன. மழைநாளில் இணைப்பு நிற்குமா, மாலையில் வேகம் குறையுமா, மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பவையெல்லாம் தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை வரும் கடைசித் துண்டு எந்த வகையானது என்பதைப் பொறுத்தவை. அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதித் தெளிவு வந்துவிடும்.

படி 1: தேவையைத் தாளில் எழுதுங்கள்

முதலில் ஒரு கணக்கு. வேகத்தை மெகாபிட்டிலும் கோப்பின் அளவை மெகாபைட்டிலும் சொல்வார்கள்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் ஒரு நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். தெளிவான காணொளி ஒன்றுக்குச் சுமார் 5 மெகாபிட்டும், 4கே தொலைக்காட்சிக்குச் சுமார் 25 மெகாபிட்டும் போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 50 முதல் 100 மெகாபிட் தாராளம்.

பலர் கவனிக்க மறப்பது பதிவேற்ற வேகம். திருமண ஆல்பத்துக்கான 20 ஜிகாபைட் கோப்புகளை அச்சகத்துக்கு அனுப்பும் ஒரு ஸ்டுடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேற்றம் 10 மெகாபிட்டாக இருந்தால் அது முடிய நான்கரை மணி நேரம் ஆகும், 100 மெகாபிட்டாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் முடியும். வீட்டிலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் இதே கணக்குத்தான்.

படி 2: தெருவில் நின்று மேலே பாருங்கள்

பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாக வரும் இணைப்பு இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதில் பரவலாக உள்ள ஏ.டி.எஸ்.எல்.2+ என்னும் வகையில் பதிவிறக்க வேகத்தின் உச்சம் 24 மெகாபிட்தான். தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட அதுவும் தேய்ந்துவிடும். இடியின் மின் அதிர்ச்சியும் இந்தக் கம்பி வழியே மோடம் வரை வரக்கூடும். வேறு வழி இருந்தால் இதைத் தவிர்த்துவிடலாம்.

அடுத்தது, உள்ளூர் கேபிள்காரர்கள் தரும் இணைப்பு. இங்கேதான் கவனம் தேவை. ‘ஃபைபர்’ (கண்ணாடி இழை) என்று சொல்லப்படும் சில இணைப்புகளில், ஃபைபர் உங்கள் தெருவில் யாரோ ஒருவர் வீட்டு மாடியிலுள்ள ஒரு பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து உங்கள் வீட்டுக்குச் சாதாரண லேன் கேபிள்தான் வரும். அந்தப் பெட்டி அந்த வீட்டு மின்சாரத்தில் இயங்குவதால், அங்கே மின்சாரம் நின்றால் உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தாலும் இணையம் நின்றுபோகும். எனவே, ‘ஃபைபர் என் வீட்டுக்குள் வருகிறதா, வெளியே பெட்டியோடு நிற்கிறதா?’ என்று நேரடியாகக் கேளுங்கள்.

ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வருவதுதான் இன்று கிடைப்பவற்றில் சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். முடியளவு மெல்லிய கண்ணாடி இழையில் ஒளியாகத் தகவல் வருவதால் இடியின் மின் அதிர்ச்சி அதன் வழியே கடத்தப்படுவதில்லை. ஜிபான் எனப்படும் பரவலான முறையில், நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரே இழை வழியில் ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. சுமார் 20 கிலோமீட்டர் வரை தடையின்றிச் செல்லும். பதிவிறக்கத்துக்கு உள்ள சுமார் 2.5 ஜிகாபிட்டை இத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன.

ஃபைபரின் எதிரி வளைவும் வெட்டும்தான். ஒருமுறை அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்னால் இருந்த கேபிள் சுவரோரம் நசுங்கிவிட்டதை நான் கவனிக்கவில்லை. இணையம் விட்டுவிட்டு வந்தது. வீட்டிலுள்ள மோடம் பெட்டியில் ‘லாஸ்’ (ஒளி சரியாக வரவில்லை என்பதற்கான குறி) என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு அவ்வப்போது சிமிட்டியது. வந்த பணியாளர் ஒளியின் அளவைப் பார்க்கும் சிறு கருவியைச் செருகியபோது, மைனஸ் 27 வரைதான் இருக்க வேண்டிய எண் மைனஸ் 29 என்று காட்டியது. அலமாரியை இழுத்துக் கேபிளை நேராக்கியதும் அது மைனஸ் 21 ஆகி, சிவப்பு விளக்கும் அணைந்தது. இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே இந்த எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கோளாறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

படி 3: கம்பி எட்டாத இடமா?

2023ஆம் ஆண்டில் ஏர்டெல்லும் ஜியோவும் ‘ஏர்ஃபைபர்’ என்ற பெயரில் 5ஜி வழியாக வீட்டு இணைப்புத் தரத் தொடங்கின. பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு வருவது அலைக்கற்றைதான். கம்பி இழுக்க வழியில்லாத வாடகை வீட்டுக்கும் ஊரின் ஓரத்துக்கும் இது நல்ல தீர்வு. ஆனால் அதே கோபுரத்தைக் கைப்பேசிகளும் பயன்படுத்துவதால் மாலை நேரத்தில் வேகம் குறையலாம். நடுவில் உயரமான கட்டடம் இருந்தாலும் குறையும்.

செயற்கைக்கோள் இணைப்பு, வேறெதுவும் எட்டாத இடத்துக்கானது. சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோள் வழியாகத் தகவல் போய்வர அரை நொடிக்கு மேல் ஆவதால் காணொளிப் பேச்சில் அந்தத் தாமதம் நன்றாகத் தெரியும். சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் கோள்களில் அந்தக் குறை இல்லை.

படி 4: தொழிலுக்கு என்றால்

லீஸ்டு லைன் என்பது உங்களுக்கென்றே ஒதுக்கப்படும் தடம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே வேகம் கிடைக்கும், நிலையான ஐ.பி. முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் மாறாத எண்) வரும், கோளாறை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். சாதாரண பிராட்பேண்டைவிடக் கட்டணம் பல மடங்கு என்பதால் மருத்துவமனை, மென்பொருள் அலுவலகம் போன்ற இடங்களுக்கே இது பொருந்தும். மளிகைக் கடைக்கோ துணிக்கடைக்கோ ஒரு ஃபைபரும், அது அறுந்தால் கைகொடுக்க ஒரு 5ஜி இணைப்பும் போதும். இரண்டையும் ஃபைபராகவே வாங்கினால், இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். கம்பத்தில் லாரி மோதினால் இரண்டும் சேர்ந்தே அறுந்துவிடும்.

கடையின் கேமராக்களை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க விரும்புகிறவர்கள், நிலையான ஐ.பி. கிடைக்குமா என்று முன்பே கேட்க வேண்டும். பல வீட்டு இணைப்புகளில் ஒரே பொது முகவரியை நிறையப் பேர் பகிர்வதால், வெளியிலிருந்து உங்கள் டி.வி.ஆர். பெட்டியை (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) நேராக எட்ட முடியாது.

படி 5: பணம் கட்டுமுன்னும் பின்னும்

சொல்லும் கட்டணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ‘அன்லிமிடெட்’ திட்டங்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிகாபைட் போன்ற ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதையும் விசாரியுங்கள். 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றைச் சேர்த்து வாங்கினால் மின்தடையின்போது உங்கள் வீட்டு மோடம் பெட்டி அணையாது. வோல்ட் உங்கள் பெட்டிக்குப் பொருந்துகிறதா என்று அடாப்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு வந்ததும் வேகத்தை வைஃபையில் சோதிக்காதீர்கள்; மடிக்கணினியை லேன் கேபிளில் செருகிச் சோதியுங்கள். அதில் வேகம் சரியாக வந்து, படுக்கையறையில் மட்டும் குறைந்தால் குறை இணைப்பில் இல்லை. ரவுட்டர் இருக்கும் இடத்தில்தான். அதன் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் தூரம் போகும். முதலில் ஒரு மாதத் திட்டத்தை மட்டும் எடுத்து, மூன்று நாள் இரவு ஒன்பது மணிக்கு இதே சோதனையைச் செய்து எண்களை எழுதி வையுங்கள். அவை சரியாக இருந்த பிறகு ஆறு மாதத்துக்குப் பணம் கட்டுங்கள்.