எஃப்10-ஐ விடாமல் தட்டுகிறவர்களுக்கு: டிபக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் ப்ரோகிராமிங் பழகுகிறவர்களுக்கு இ-பாஸைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைக்காது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் ஊட்டிக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. உள்ளூர் டிஎன் 43 வண்டிக்குப் பாஸ் தேவையில்லை. விதிகள் இத்தனை இருந்தால் பிழைக்குப் பஞ்சமிருக்காது. குன்னூரில் ஒரு மாணவி இதைப் பைத்தான் மொழியில் எழுதியிருக்கிறார், அவருடைய ப்ரோகிராம் ஒரு நாளின் விண்ணப்பங்களைக் கோப்பிலிருந்து வரிசையாகப் படிக்கிறது, செவ்வாய்க்கிழமை 6,001-ஆவது வண்டிக்கும் பாஸ் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இதைப் பிடிக்க உதவுவது டிபக்கர்: ப்ரோகிராமை நடுவில் நிறுத்தி, வரி வரியாக நகர்த்தி, மதிப்புகளைக் காட்டும் கருவி. பலரும் முதலில் செய்வது, லூப்பின் (வண்டிக்கு வண்டி திரும்பத் திரும்ப ஓடும் பகுதியின்) தலையில் ஒரு பிரேக்பாயின்ட் (ப்ரோகிராம் வந்து நிற்க வேண்டிய வரிக்கான குறி) வைத்து, தொடர்ந்து ஓட்டும் எஃப்5-ஐத் தட்டிக்கொண்டே இருப்பது. நாற்பது வண்டி தாண்டியதும் கை ஓயும், கவனம் போகும். பிழை இருப்பதோ எல்லையில். விஎஸ் கோடு என்ற எடிட்டரில், பிரேக்பாயின்ட்டைக் காட்டும் சிவப்புப் புள்ளியை ரைட் கிளிக் செய்து ‘எண்ணிக்கை == 6000’ என்று நிபந்தனை கொடுத்தால் நேரே அங்கே போய் நிற்கும். இதுவரை கொடுத்த பாஸ் 6,000, ஒப்பிடும் இடத்தில் ‘<’ இருக்க வேண்டியதற்கு ‘<=’ இருக்கிறது என்பது கண்முன்னே தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று யோசிக்கும்போதே பாதிப் பிழை பிடிபட்டுவிடுகிறது என்பது என் எண்ணம்.

நிபந்தனையில் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்று போடுவது இன்னொரு வம்பு. பைத்தான் பிழை காட்டிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் காட்டாது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையை 6,000 ஆக்கிவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் நிற்கும். பிழையைத் தேடப் போனவரே புதுப் பிழையை உள்ளே விட்ட கதை.

இதே வகைதான், எழுதி வைத்தவற்றின் மதிப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும் வாட்ச் பகுதியில் நடக்கும் கூத்தும். அங்கே மாறிகளை எழுதி வைப்பதில் தப்பில்லை. ‘அடுத்த_பாஸ்_எண்()’ என்று ஃபங்ஷனையே (ஒரு வேலையைச் செய்யும் ப்ரோகிராம் துண்டையே) எழுதி வைத்தால், நீங்கள் ஒரு வரி நகரும்போதெல்லாம் டிபக்கர் அதை உண்மையிலேயே கூப்பிடும். பாஸ் எண் 41-க்கு அடுத்து 44 வரும். டிபக்கரை மூடிவிட்டு ஓட்டினால் எல்லாம் சரியாக இருக்கும். தலை சுற்றும். மதிப்பைத் திருப்பித் தருவதோடு எதையாவது மாற்றவும் செய்கிற ஃபங்ஷனை வாட்சில் வைக்கவே கூடாது.

சரி, நகர்த்தும் கட்டளைகளுக்கு வருவோம். மஞ்சளாகத் தெரியும் வரி இன்னும் ஓடவில்லை, இனிமேல்தான் ஓடப்போகிறது. இது புரியாமல், அந்த வரியில் மாற வேண்டிய மதிப்பு மாறவில்லையே என்று ப்ரோகிராமைத் திருத்தத் தொடங்குகிறவர்கள் உண்டு. ஒரு வரி நகர்த்தும் ஸ்டெப் ஓவர் (எஃப்10), ஃபங்ஷனை ஓட்டாமல் தாண்டும் என்பதும் தவறான நினைப்பு. அது முழுக்க ஓடும். உள்ளே ஒவ்வொரு வரியாக நின்று காட்டாது, அவ்வளவுதான். அந்த ஃபங்ஷன் எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால், எஃப்10 தட்டியதும் எஸ்எம்எஸ் போய்விடும். ‘பாஸ்_கொடு(எண்_சரிபார்(வண்டி))’ போன்ற வரியில், ஃபங்ஷனுக்குள் நுழைவதற்கான எஃப்11 தட்டினால் முதலில் ‘எண்_சரிபார்’ உள்ளேதான் போகும். ஷிஃப்ட்டோடு எஃப்11 தட்டி வெளியே வந்து, மறுபடி எஃப்11 தட்டினால் ‘பாஸ்_கொடு’ திறக்கும்.

ஐடிஇ (ப்ரோகிராமை எழுதி ஓட்டும் மென்பொருள்) மாறினால் விரல் பழக்கமும் மாற வேண்டும். இன்டெல்லிஜேயில் எஃப்8 ஒரு வரி நகர்த்தும். எக்லிப்ஸில் அதே எஃப்8 ப்ரோகிராமை அடுத்த பிரேக்பாயின்ட் வரை ஓட விட்டுவிடும். எக்லிப்ஸின் எஃப்5 ஃபங்ஷனுக்குள் நுழையும்; விஎஸ் கோடின் எஃப்5 தொடர்ந்து ஓட்டும்.

புள்ளி சிவப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் வெறும் வட்டமாக இருந்தால் அங்கே நிற்காது. பெரும்பாலும் ஓடுகிற கோப்பு ஒன்று, நீங்கள் திறந்து வைத்திருப்பது வேறொன்று. சி++ போன்ற மொழிகளில் ரிலீஸ் பில்டை (வெளியிடுவதற்காக வேகப்படுத்திய வடிவத்தை) டிபக் செய்தாலும் வரிகள் முன்பின்னாகத் தாவும், சில மாறிகள் காணாமல் போகும். பிழை தேடுவதற்கான டிபக் பில்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ப்ரோகிராம் நிற்கும்போது கடிகாரம் நிற்பதில்லை. ஓடிபி ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும் என்று எழுதியிருந்தால், நீங்கள் பிரேக்பாயின்ட்டில் நின்று டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது காலாவதியாகியிருக்கும். டேட்டாபேஸ் இணைப்பும் அறுந்திருக்கலாம். அப்புறம் வருகிற எரர் உங்கள் ப்ரோகிராமுடையது அல்ல. ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் (ஒரே ப்ரோகிராமில் இணையாக ஓடும் வேலைகள்) கடைசிப் பாஸுக்கு மோதுகிற பிழையும் இப்படித்தான். நிறுத்திப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும். இந்த மாதிரி இடங்களில் பிரேக்பாயின்ட்டுக்குப் பதில் லாக்பாயின்ட் வையுங்கள். ப்ரோகிராமை நிறுத்தாது, நீங்கள் கேட்ட மதிப்பை மட்டும் டிபக் கன்சோலில் எழுதிவிட்டுப் போகும்.